தொடக்கப்பள்ளி அறிவியலுக்கு இணையத்தில் தேடும்போது செய்யும் தவறுகள்

நாளை காலை ‘காற்று’ பாடம் என்றால், இன்று இரவுதான் யூடியூபில் தேட உட்காருகிறோம். லட்சம் பேர் பார்த்த வீடியோ முதலில் வருகிறது. லட்சம் பேர் பார்த்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதுதான் பெரிய தவறு.

மெழுகுவர்த்திச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். ‘ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது’ என்று வீடியோ சொல்லும். சோதனை சரி, விளக்கம்தான் தவறு. சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் டம்ளரின் விளிம்பு வழியே குமிழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்த பின் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கும். சந்தேகமாக இருந்தால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் மேலே ஏறும். உள்ளே இருந்த ஆக்சிஜன் அதேதானே, எப்படி ஏறியது? இதைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடலாம்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பிரித்துக் காட்டும் படமும் இதே ரகம். நாக்கில் சுவை அறியும் பகுதிகள் எல்லாம் எல்லாச் சுவைகளையும் உணரும். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது என்பதும் அப்படித்தான். ஜனவரித் தொடக்கத்தில்தான் மிக அருகில் இருக்கிறோம், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். ஜூலையில் 15.2 கோடி.

அடுத்தது, ஆங்கிலத்தில் மட்டும் தேடுவது. பருவங்கள் என்று தேடினால் பனிமனிதனும் இலையுதிர்காலமும் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு லீவு விடும் ஊரில் அந்தப் பயிற்சித்தாளை வைத்து என்ன செய்வது? பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல்லைக் கொண்டே தேடுங்கள். அதற்கும் முன், பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். அரசின் கல்வித் தளமான தீக்‌ஷாவில் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். சில வீடியோக்கள் தூக்கம் வரவழைக்கும், ஆனால் சொற்கள் பிள்ளைகளுக்குப் பழகியவை. கதையாகச் சொல்ல ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய காகிதத்திலும் உறிஞ்சுகுழலிலும் பொம்மை செய்து அறிவியல் சொல்ல அரவிந்த் குப்தாவின் தளம் போதும்.

கையால் செய்யக்கூடியதைத் திரையில் காட்டி முடித்துவிடுவது இன்னொரு தவறு. ஒரு பேட்டரியும் பல்பும் மேசையில் இருக்கும்போது கணினியில் எதற்குப் பல்பு எரிய வேண்டும்? ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறு இரண்டு நாளில் முளைவிடும், வீடியோவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குத் திரை உதவும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) தளத்தில், சூடேறும்போது மூலக்கூறுகள் எப்படி அலைகின்றன என்று காட்டும் மாதிரி இருக்கிறது. முன்பே தரவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவையில்லை.

அப்புறம், தீப்பிடிக்கும் சோதனைகள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் விட்டுத் தீ வரவழைக்கும் வீடியோவை ‘சும்மா பாருங்கள்’ என்று கூடக் காட்ட வேண்டாம். இரண்டும் மருந்துக்கடையில் கிடைப்பவை. சாயங்காலமே யாராவது ஒருவன் வீட்டில் செய்து பார்ப்பான்.