டிராக் ரேஸில் பின்சக்கரத் துள்ளல்: செடான் உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2004 மாடலாகக் கொண்டுவந்த முதல் தலைமுறை கேடிலாக் சிடிஎஸ்-வி, அமெரிக்க டிராக் ரேஸ் (நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேரான குறுகிய தடத்தை வேகமாகக் கடக்கும் பந்தயம்) தடங்களில் இரண்டு காரணங்களுக்காகப் பேர்பெற்றது. நான்கு கதவுள்ள சொகுசுக் காருக்குள் கார்வெட் வழிவந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சினை 400 குதிரைத்திறனுடன், ஆறு கியர் மேனுவல் பெட்டியோடு வைத்தது ஒன்று. பச்சை விளக்கு எரிந்து கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரங்கள் தடதடவென்று துள்ளி, சில வேளைகளில் டிஃபரன்ஷியலையே (எஞ்சினின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்க் கூட்டையே) உடைத்துவிடும் குணம் மற்றொன்று. தனித்தனியாக அசையும் பின் சஸ்பென்ஷன் கொண்ட சக்திவாய்ந்த செடான் எதற்கும் இந்தத் தொல்லை வரக்கூடும் என்றாலும், இந்தக் காரில் அது மிகத் தெளிவாக வெளிப்படுவதால் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

துள்ளல் எப்படிப் பிறக்கிறது என்று அறியாமலே பாகங்களை வாங்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான். டயர் தடத்தைப் பற்றியிருக்கும்போது எஞ்சினின் முறுக்கு விசை டயரின் பக்கச்சுவரையும், டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஆக்சில் தண்டுகளையும், சஸ்பென்ஷன் கைகளின் ரப்பர் புஷ்களையும் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் உருளைகள்), டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்களையும் முறுக்கியும் அழுத்தியும் வைக்கிறது. பிடிமானம் எல்லை தாண்டியதும் டயர் வழுக்குகிறது; அந்தக் கணமே, முறுக்கேறி நின்ற அத்தனையும் தம் பழைய நிலைக்குத் தெறித்துத் திரும்புகின்றன. அந்தத் தெறிப்பில் சக்கரம் முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆடுகிறது. கீழே வரும்போது டயர் மறுபடியும் தடத்தைப் பற்ற, முறுக்கு மீண்டும் ஏறுகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 முறை நடக்கும் இந்தச் சுழற்சியில், ஒவ்வொரு பற்றுதலும் ஆக்சிலுக்கும் கியர்ப் பற்களுக்கும் ஓர் அடியாக இறங்குகிறது.

அந்த அடியின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். சிடிஎஸ்-வி எஞ்சினின் உச்ச முறுக்கு விசை சுமார் 535 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 2.97, டிஃபரன்ஷியலின் இறுதி விகிதம் 3.73. மூன்றையும் பெருக்கினால், உராய்வு இழப்பைக் கழிக்காமல், சுமார் 5,900 நியூட்டன் மீட்டர் இரு ஆக்சில் தண்டுகளுக்குமாகப் போய்ச் சேர்கிறது. சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும் முறுக்கு எவ்வளவோ, அவ்வளவே எதிர்முறுக்கு டிஃபரன்ஷியல் கூட்டின் மூக்கை மேல்நோக்கித் தூக்குகிறது. அதைப் பிடித்து நிறுத்துபவை சில ரப்பர் புஷ்கள் மட்டுமே. பழைய காரில் அந்த ரப்பர் விண்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் துள்ளல் நிற்காது.

ஆகவே எதையும் வாங்குமுன் காரை லிஃப்டில் ஏற்றி, டிஃபரன்ஷியல் புஷ்கள், பின் சப்ஃபிரேமை (டிஃபரன்ஷியலையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) பாடியோடு சேர்க்கும் புஷ்கள், டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தை முன்பின்னாக நகராமல் பிடிக்கும் சஸ்பென்ஷன் கை) புஷ்கள் ஆகியவற்றை நெம்புகோலால் அசைத்துப் பார்க்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு, உலோக உறை கழன்று நகர்ந்த தடம், டிஃபரன்ஷியல் கூடு எதிலாவது இடித்த தழும்பு ஆகியவை எந்த இடம் அசைகிறது என்பதைச் சொல்லிவிடும். காருக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் இருந்து கிளம்புதலைப் படம்பிடிப்பதும் உதவும். ஆனால் விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு துள்ளலுக்கு இரண்டு மூன்று படங்களே கிடைக்கும் என்பதால், கைப்பேசியின் 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதியைப் பயன்படுத்த வேண்டும். சக்கரம் முன்பின்னாக நகர்கிறதா, மேலும் கீழுமாகவா, வலமும் இடமும் ஒன்றாகவா என்பது அதில் தெரியும்.

அடுத்து, ஓர் இடத்தை மட்டும் கெட்டியாக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது. டிஃபரன்ஷியலுக்கு ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரிதேன் பிளாஸ்டிக் புஷ் போட்டு, அது தொங்கும் சப்ஃபிரேமைத் தளர்ந்த ரப்பரில் விட்டால், முன்பு டிஃபரன்ஷியல் மட்டும் ஆடிய இடத்தில் இப்போது சப்ஃபிரேம் முழுவதும் ஆடும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லா இடத்திலும் பாலியூரிதேன் போட்டுவிடுவது. டிஃபரன்ஷியலும் சப்ஃபிரேமும் அசையாமல் நிற்க வேண்டியவை; அங்கே கெட்டியான பொருள் நன்றாகப் பொருந்தும். டிரெய்லிங் ஆர்ம் போன்றவை சக்கரம் ஏறி இறங்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் திரும்புபவை. அங்கே கெட்டியான பாலியூரிதேன் சஸ்பென்ஷனை இறுகப் பிடித்துக்கொள்வதால், சக்கரம் தடத்தைப் பின்தொடர முடியாமல் பிடிமானமே குறையும். அந்த இடங்களுக்கு ஸ்பெரிக்கல் பேரிங் (எத்திசையிலும் திரும்பும் உலோகக் கோள மூட்டு) உள்ள ஆர்ம்களோ, நல்ல நிலையிலுள்ள ரப்பரோ தான் ஏற்றவை. ஸ்பெரிக்கல் பேரிங் சத்தம் போடும், தேயும். தினமும் ஓட்டும் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய ரப்பர் புஷ்ஷைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்குவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பிழை. காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். காரின் எடை சக்கரங்களின் மீது இருக்கும்போதுதான் அந்த போல்ட்களை இறுதியாக இறுக்க வேண்டும்.

ஆக்சில் தண்டுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. இரு பக்கமும் ஒரே விறைப்புள்ள தண்டுகள் இருந்தால் இரு சக்கரங்களும் ஒரே தாளத்தில் முறுக்கேறித் தெறித்து, ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. 2009-இல் வந்த இரண்டாம் தலைமுறை சிடிஎஸ்-வியில், 556 குதிரைத்திறன் தரும் சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்காக, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் ஒரு பக்கம் 55 மில்லிமீட்டர், மறு பக்கம் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுகளை வைத்தார்கள். இரு பக்கத்தின் அதிர்வு வேகமும் வேறுபடுவதால் துள்ளல் வளர வழியில்லாமல் போகிறது. அழகான தீர்வு இது. வலிமை ஒன்றையே பார்த்து, இரு பக்கமும் ஒரே தடிமனான தண்டுகளை வாங்குபவர் ஆக்சில் உடைவதை ஒருவேளை தவிர்க்கலாம். துள்ளல் அப்படியே இருக்க, அந்த அடியை இப்போது டிஃபரன்ஷியல் வாங்கும்.

டயருக்கு வருவோம். முதல் தலைமுறை சிடிஎஸ்-வி தொழிற்சாலையிலிருந்து 245/45 ஆர்18 அளவுள்ள குட்இயர் ரன்-ஃபிளாட் டயர்களோடு வந்தது. காற்று இறங்கினாலும் ஓடுவதற்காக அவற்றின் பக்கச்சுவர் மிக விறைப்பாக இருக்கும். அந்த விறைப்பு துள்ளலைத் தூண்டுவதால், கிளம்பும் நேரத்துக்கு அவை சற்றும் ஏற்றவையல்ல. அவற்றில் காற்றை மிகவும் இறக்கி ஓட்டுவது இதைச் சரிசெய்யாது. டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் மட்டும் தடத்தில் பதியும். உயரமான, மென்மையான பக்கச்சுவர் உள்ள டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கென்றே செய்த) டயரை 17 அங்குலச் சக்கரத்தில் போடுவது நல்ல வழி; ஆனால் பிரெம்போ பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சக்கரம் இடிக்காதா என்று முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்தக் காரின் சக்கரம் 6 நட்டுகளில் நிற்பதால், 5 நட்டுச் சக்கரங்களைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காற்றழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) மட்டும் மாற்றி, முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவைத்துப் பார்ப்பதே முறை. அழுத்தத்தையும் கிளம்பும் ஆர்பிஎம்மையும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) ஒரே ஓட்டத்தில் மாற்றினால், எது உதவியது என்பது தெரியாமலே போகும்.

கிளம்பும் கோட்டுக்கு முன்னால், பந்தய டயர்களை நனைத்துச் சுழற்றிச் சூடேற்ற ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும்; சாலை டயரோடு வருபவர்கள் அதற்குள் இறங்காமல் சுற்றிப் போக வேண்டும். அந்த டயரின் பள்ளங்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து கிளம்பும் கோட்டில் சொட்ட, உங்கள் பிடிமானமும் பின்னால் வருபவரின் பிடிமானமும் கெடும்.

ஷாக் அப்சார்பரைக் கெட்டியாக்குவதும், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடுவதும் பலருக்கு முதல் மருந்தாகத் தோன்றுகின்றன. எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது மேலும் கீழுமான அசைவை மட்டுமே அடக்கும். தண்டின் முறுக்கும் புஷ்ஷின் முன்பின் அசைவும் அதன் கைக்கு எட்டாதவை. காரைத் தாழ்த்தியவர்கள் பின்சக்கரங்களின் கேம்பரையும் (முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சாய்வு) டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மறுபடி அளந்து சரிசெய்யாவிட்டால், டயரின் உள்விளிம்பு மட்டுமே தடத்தைத் தொடும்.

இவை எல்லாவற்றையும் விட விலையுயர்ந்த தவறு வலது காலில் இருக்கிறது. துள்ளல் தொடங்கிய பிறகும் ஆக்சிலரேட்டரை விடாமல், கார் தானாக நேராகிவிடும் என்று காத்திருப்பது ஒரே ஓட்டத்தில் ஆக்சிலையோ டிஃபரன்ஷியலையோ பறித்துவிடும். முதல் தடதடப்பு முதுகில் உறைத்தவுடன் காலை எடுத்துவிட வேண்டும். அந்த ஓட்டம் போனால் போகட்டும். உயர்ந்த ஆர்பிஎம்மில் கிளட்ச்சைத் திடீரென்று விடுவதற்குப் பதிலாக, குறைந்த ஆர்பிஎம்மில் தொடங்கி, கிளட்ச்சைச் சற்றே வழுக்கவிட்டு, சுமை டயர்மேல் ஏறிய பிறகு வேகத்தைக் கூட்டுவது, எந்த பாகமும் வாங்காமலே பெரும் வித்தியாசத்தைத் தரும்.

ஒரு முறை கடுமையாகத் துள்ளிய காரை அடுத்த ஓட்டத்துக்கு அப்படியே வரிசையில் நிறுத்தக் கூடாது. ஆக்சில் மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிகிறதா என்று கீழே பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலையும் சப்ஃபிரேமையும் பிடிக்கும் போல்ட்களின் தலையிலிருந்து உலோகம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால், அந்தக் கோடு உடைந்திருக்கும் போல்ட்டை உடனே கண்டுபிடித்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருகி) உரிய அளவுக்கு மறுபடி இறுக்கிவிடலாம்.