இரவு எட்டு மணி அறிவிப்புக்குப் பின்: பெருந்தொற்றுக் காலத்தில் குடிமக்கள் செய்ய வேண்டியவை

2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் உரையாற்றிய பிரதமர், அன்று நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். சிறிது நேரத்திலேயே பல நகரங்களில் மளிகைக் கடைகளின் முன் கூட்டம் சேர்ந்தது. விலகி இருக்கச் சொன்ன அறிவிப்பே மக்களை முண்டியடித்து நிற்க வைத்தது. மீண்டும் அப்படியோர் இரவு வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உரையை இறுதிவரை கேளுங்கள். பிறகு அதில் எது வேண்டுகோள், எது ஆணை என்று பிரித்துப் பாருங்கள். மார்ச் 22 அன்று நடந்த மக்கள் ஊரடங்கு ஒரு வேண்டுகோள். அதற்கு இரண்டு நாள் கழித்து வந்ததோ, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை. அந்த ஆணையோடு இணைக்கப்பட்டிருந்த வழிகாட்டுதலில் ரேஷன் கடை, மளிகை, பால், காய்கறி, மருந்துக் கடை, வங்கி ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதைப் படித்தவருக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கத்தை நம்பாமல், அரசு இணையதளத்திலோ மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பிலோ ஆணையின் முழு வாசகத்தைத் தேடிப் படியுங்கள். தெருவில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள். எளிய வேலைதான், ஆனால் வதந்தியைத் தடுப்பதில் இதற்கு நிகரானது குறைவு.

ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பையும், வீட்டில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு ஒரு மாத மருந்தையும் எப்போதும் இருப்பில் வைத்துக்கொள்வது நெருக்கடி நேரத்து நெரிசலைத் தவிர்க்கும். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டதும், அதற்கு முந்தைய நாள் கோயம்பேடு சந்தையில் கூட்டம் அலைமோதியது. பின்னர் அச்சந்தையே தொற்று பரவிய இடமாகி, மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே ஏப்ரலில், ரேஷன் அட்டைகளுக்கான 1000 ரூபாய் உதவித்தொகைக்கு நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்கூட்டியே வழங்கப்பட்டன. அத்தகைய டோக்கன் கிடைத்தால் குறித்த நேரத்துக்கு மட்டும் செல்லுங்கள்.

அடுத்தது அண்டை வீட்டாரைப் பற்றியது. என் கருத்தில் இதுவே ஆகக் கடினமானது. பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால், அவருடைய பெயரையோ படத்தையோ எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். வாசலில் பாலும் காய்கறியும் வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் என்றால் 108ஐ அழைக்க உதவுங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. நோயாளிகளுக்காக உழைத்தவருக்கு நாம் அளித்த பிரியாவிடை அது என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. சுகாதாரப் பணியாளர்களைத் தாக்குவோரைக் கடுமையாகத் தண்டிக்க, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் அம்மாதமே வந்தது. இடுகாட்டில் யாரேனும் தடுக்கக் கூடினால், அவர்களோடு சேராமல் காவல்துறைக்குத் தகவல் சொல்வதே குடிமகனின் கடமை.

கீழ்ப்படிவது பாதிக் கடமைதான். கேள்வி கேட்பது மறுபாதி. நான்கு மணி நேர அவகாசத்தில் வேலையும் கூலியும் இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. நாட்டை வழிநடத்துபவர் மக்களிடம் தியாகத்தைக் கேட்கும்போது, அந்தத் தியாகத்தின் சுமை யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். எனவே உங்கள் வார்டு உறுப்பினரிடமும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்து மூலம் மூன்றைக் கேளுங்கள்: ரேஷன் அட்டை இல்லாதவர்களுக்கு உணவு எங்கே கிடைக்கும், வெளியூர்த் தொழிலாளர்கள் எங்கே தங்குவார்கள், கட்டுப்பாடு எந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்யப்படும். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் கேள்வி அவ்வகையைச் சேர்ந்தது என்றால், அதற்கான காரணத்தை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.