கடற்கரை பிக்கப்பை டைனோவில் ஏற்றும் முறை

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடும் பிக்கப்புகளை டைனோவுக்கு (சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு இன்ஜின் சக்தியை அளக்கும் மெஷின்) கொண்டுபோகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பிஎஸ் (குதிரைத்திறன்) கூடும்?" என்றுதான். அதைவிட முந்திக் கேட்க வேண்டியது, கம்பெனி கொடுத்ததில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. உப்புக்காற்றில் சில வருஷம் ஓடிய டர்போ டீசலில் தொலைந்துபோன இழுவையை மீட்டாலே, பல வண்டிகளுக்கு மேப்பை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்குப் பட்டியலை, தொட வேண்டிய அவசியமே வராது.

கணக்குக்கு இசுசு வி-கிராஸ் 1.9 டீசலை எடுத்துக்கொள்வோம். கம்பெனி சொல்வது 3600 ஆர்பிஎம்மில் 163 பிஎஸ், 2000 முதல் 2500 வரை 360 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இது இன்ஜின் வாயில் எடுத்த கணக்கு. கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 சதவீதம் தின்றுவிடும். ஆகவே உருளையில் 130 முதல் 140 பிஎஸ் காட்டினால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "163 எங்கே போச்சு?" என்று ஆப்பரேட்டரிடம் சண்டை போட வேண்டாம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

கோவைக்கோ கொச்சிக்கோ ஏறிப்போய் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அங்கே ஹோஸ் கிளாம்பு முறுக்குவது வீண்செலவு. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து வடியுங்கள். நம் பகுதியில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. டேங்கைப் பாதியாகவே வைத்து ஓட்டுகிற வண்டியில் தண்ணீர் சேருவது சாதாரணம்.

அடுத்தது பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, லீக் ஆகிறதா என்ற சோதனை. டர்போவின் உறிஞ்சும் வாயில் அடைப்பு போட்டு, கம்ப்ரசரில் ரெகுலேட்டர் வைத்து 20 பிஎஸ்ஐ காற்றை மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரிய ஓட்டை என்றால் 'உஸ்' என்று தானே சொல்லிவிடும். சின்னது அப்படி இல்லை. கிளாம்புக்கு அடியில், ஹோஸ் மடியும் இடத்தில், கடுகளவு குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டால் டைனோவில் 2200 ஆர்பிஎம்முக்கு மேல் இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் வராமல் கிராஃப் கோடு படுத்துவிடும்.

டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அலுமினிய ஃபின்களை விரலால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்த இடத்தில் குளிர்ச்சி கிடையாது. அழுக்கு மட்டும் என்றால் குழாய்த் தண்ணீரில், உள்பக்கமிருந்து வெளியே கழுவினால் போதும். பிரஷர் வாஷரைக் கிட்ட வைத்து அடித்தால் மிச்சமுள்ள ஃபின்னும் மடங்கிவிடும்.

மீன் ஏற்றும் வண்டிக்கு இன்னொன்று. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டிக்கு அடியில் வடிந்து பின்பக்க சேசிஸையும் கொக்கியையும் அரித்திருக்கும். டைனோவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்த இடங்கள்தான். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டு துரு செதில் செதிலாக விழுந்தால், வெல்டிங் முடிக்கும்வரை உருளைப் பக்கமே போகக் கூடாது.

உருளையில் கட்டுவது

பிக்கப் காலியாக நிற்கும்போது பின்பக்கம் எடை ரொம்பக் குறைவு. அப்படியே ஓட்டினால் டயர் உருளையில் வழுக்கும், கிராஃப் ரம்பப்பல் மாதிரி வரும். பின் ஆக்சிலுக்கு நேர்மேலே 50 கிலோ மணல் மூட்டை நாலு வைத்துக் கட்டுங்கள். எடை கூடினால் டயர் தின்னும் சக்தியும் கூடும் என்பதால், டியூனிங்குக்கு முன்னும் பின்னும் அதே நாலு மூட்டைதான். டயர்க் காற்றும் அப்படியே: இரண்டிலும் 35 பிஎஸ்ஐ, கேஜ் வைத்துப் பார்த்து. மண்ரோட்டுக்கான பெரிய பட்டன் டயர் போட்டு வராதீர்கள், அது உருளையில் சூடாகித் துண்டு துண்டாகப் பிய்யும்.

நாலு ராட்செட் பெல்ட்டாவது வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோணம், ஒரே இறுக்கம். முதல் சூடேற்று ஓட்டத்தில் சஸ்பென்ஷன் அமர்ந்து பெல்ட் தளர்ந்துவிடும், நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பெல்ட்டுக்கு நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பின்சக்கர டைனோ என்றால் ஃபோர்வீல் லீவர் 2எச்-இல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் நிற்க பின்சக்கரம் சுற்றுவதைப் பார்த்து ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) பவரை வெட்டிவிடும்.

பேஸ் ரன்: டியூனிங்குக்கு முந்தைய அளவு

ஆயில் 90 டிகிரி வந்தபிறகுதான் முதல் ரன். விகிதம் 1:1-க்கு நெருங்கிய கியரைப் பிடியுங்கள், ஆறு கியர் பெட்டியில் அது பெரும்பாலும் நாலாவது. 1500-இல் நிலையாக வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 4000 வரை போக விடுங்கள். பிரேக் லோடு இல்லாத வெறும் உருளை டைனோவில் ஆர்பிஎம் சட்டென்று ஏறிவிடும், டர்போவுக்கு மூச்சு பிடிக்க நேரமே கிடைக்காது. மின்காந்தத்தால் உருளையைப் பிடித்து இழுக்கும் எடி கரன்ட் லோடு உள்ள டைனோவில் ஏறும் நேரத்தை 10 முதல் 12 விநாடியாக வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று ரன், நடுவில் ஐந்து நிமிஷம் ஃபேன். மூன்றும் 2 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் இன்டர்கூலர் சூட்டை விடவில்லை.

கோட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. கூடவே ஓபிடி (வண்டியின் சோதனை சாக்கெட்) வழியாக ஆர்பிஎம், ஈசியூ கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்), வந்த ரெயில் பிரஷர், உள்ளே போகும் காற்றின் சூடு இவற்றைப் பதிவு செய்யுங்கள். டர்போவுக்கு முன்னால் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் சென்சர்) வைத்துப் புகைச்சூடும் வேண்டும். நோய் எங்கே என்பதை இவைதான் சொல்லும். பூஸ்ட் கேட்டதைவிடக் குறைந்தால் லீக், இல்லையென்றால் கரி பிடித்த டர்போ வேன்கள் (உள்ளே அசையும் இதழ்கள்), அதுவும் இல்லையென்றால் வெடித்த வேக்குவம் ஹோஸ். ரெயில் பிரஷர் மேல் ஆர்பிஎம்மில் பின்தங்கினால் ஃபில்டரும் பம்ப்பும். ஆர்பிஎம் துள்ளி ஏற, உருளை வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. அதை மாற்றாமல் டியூனிங் பேச்சே எடுக்காதீர்கள்.

திருத்தக் கணக்கு

வெப்பம், காற்றழுத்தம், ஈரம் மூன்றையும் வைத்து மெஷின் ஒரு பெருக்கு எண் போடும். எஸ்ஏஇ ஜே1349 என்ற அமெரிக்கத் தரம் என்றால் 25 டிகிரி, 990 மில்லிபார் அடிப்படை. நாகர்கோவில் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர், கோவையோ 400 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. டர்போ வண்டி கூடுதலாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பகுதி ஈடுகட்டிவிடும், மெஷினுக்கு அது தெரியாது. முழுப் பெருக்கையும் போட்டு இல்லாத பிஎஸ்ஸைக் காட்டும். ஆகவே திருத்தாத எண்ணையும் அச்சடித்து வாங்குங்கள். நம் ஊர் ஈரமும் சின்ன விஷயமல்ல. 30 டிகிரி, 80 சதவீத ஈரம் என்றால் காற்றில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவிதான்.

கிராஃப் நேர்மையானதா என்று பார்க்க ஒரு பெருக்கல் போதும்: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36-ஆல் பெருக்கினால் பிஎஸ். 2500-இல் 300 நியூட்டன் மீட்டர் என்றால் 107 பிஎஸ்தான் வரும். வேறு ஏதாவது வந்தால் ஆர்பிஎம் சிக்னலைத் தப்பாகப் பிடித்திருக்கிறார்கள்.

மேப்பைத் தொடுவது

முதலில் ஒரிஜினல் ஃபைலை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். லோடு வண்டிக்கு டார்க் 10 சதவீதம் கூடினால் போதும், அதுவும் 1800 முதல் 2800-க்குள். அதற்குக் கீழே டார்க்கைத் திணித்தால் கனெக்டிங் ராடும் கிளட்ச்சும்தான் அடி வாங்கும். பூஸ்ட்டை ஒரு தடவைக்கு 0.05 பார், மொத்தம் 0.15-க்குள். டீசலை அதற்குப் பிறகு, லாம்டா (எரிபொருளுக்குத் தேவையான காற்றுக்கு எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்ற எண்) 1.25-க்குக் கீழே இறங்காமல் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு ஒரு ரன், லாக் (ஓபிடி பதிவு) பார்த்துவிட்டு அடுத்தது.

வேகமாக ஏறும் ரன்னில் புகைச்சூடு முழுதாகத் தெரியாது. 2400-இல் முழு லோடில் 20 விநாடி பிடித்து வையுங்கள். 750 டிகிரியைத் தாண்டினால் டீசலைக் குறையுங்கள். ஐஸ்பெட்டி லோடோடு மேட்டில் ஏறும்போது அந்தச் சூடு நிமிஷக்கணக்கில் நிற்கும்.

ரெயில் சென்சரில் செருகும் சின்ன பெட்டிகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பிரஷர் குறைவு என்று ஈசியூவிடம் பொய் சொல்லி உண்மையான பிரஷரை ஏற்றுவதுதான் அதன் வேலை. லாக்கிலும் அந்தப் பொய் எண்தான் வரும்.

புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் இஜிஆர் இரண்டையும் கழற்றாதீர்கள், மேப்பிலும் அணைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. மேப் மாற்றினால் வாரன்டியும் இன்ஷூரன்ஸும் சிக்கலாகலாம் என்பதைத் தெரிந்தே இறங்குங்கள்.

பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் போட்ட பெட்ரோல் வண்டிக்கும் கட்டும் முறை இதேதான், பார்ப்பது மட்டும் வேறு. மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறாமல் இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது. பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும் நாக் சத்தம் கேட்ட உடனே காலை எடுங்கள். பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் என்பதால், வெறும் பெட்ரோலுக்கான 14.7 காற்று-பெட்ரோல் விகிதக் கணக்கை மறந்துவிட்டு லாம்டாவில் பாருங்கள், முழு லோடில் 0.80-ஐ ஒட்டி இருக்கட்டும்.

ஊருக்கு வந்தபிறகு

பெல்ட் கட்டின இடம், வீல் நட்டு, ஹோஸ் கிளாம்பு மூன்றையும் மறுபடி பாருங்கள். பிறகு வழக்கமான லோடை ஏற்றி, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ரோட்டில் வேக வரம்புக்குள் லாக் போட்டு ஓட்டுங்கள். காவல்கிணறு நாலுவழிச்சாலையில் பார்ப்பதானால் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். கிழக்கே போகும்போது வண்டி பறப்பதுபோலத் தெரியும், திரும்பி வரும்போது அதே வண்டி திணறும்.