ஜெக்கிலில் எச்டிஎம்எல் பதிவுக்கு மெட்டாடேட்டா

ஜெக்கில் (Jekyll) என்ற, இணையத்தளம் உருவாக்கும் மென்பொருளில் பதிவின் மெட்டாடேட்டாவை, அதாவது பதிவைப் பற்றிய விவரங்களை, கோப்பின் தொடக்கத்தில் எழுதவேணும். கோப்பின் முதல் வரியே மூன்று சிறுகோடுகளாக (---) இருக்கவேணும். அதற்கு மேலே ஒரு வெற்று வரியோ <!DOCTYPE html> என்ற டாக்டைப் வரியோ கிடந்தால், கீழே எழுதிய எதுவும் மெட்டாடேட்டாவாக வாசிக்கப்படாது. லேஅவுட், தலைப்பு, திகதி, குறிச்சொற்களை வரிக்கொன்றாக எழுதி, திரும்பவும் மூன்று சிறுகோடுகளால் மூடுங்கள். கோப்பைப் பொம் (BOM, கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

'நல்லூர்: தேர்த் திருவிழா' போன்ற தலைப்பை மேற்கோள்குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த முக்காற்புள்ளியில் யாமல் (YAML, இந்த விவரங்களை எழுதும் வடிவம்) பிழை வரும்.

கூடுதலாகக் காலை வாருவது திகதிதான். நேரத்துக்குப் பின்னால் +0530 என்ற இலங்கை நேர வித்தியாசத்தை மறக்காமல் போடுங்கள். அதை விட்டால் நேரம் யூடிசியாக (UTC, உலகப் பொது நேரம்) எடுபடும். யாழ்ப்பாணத்தில் காலை 6 மணிக்கென்று எழுதிய பதிவை, 11.30 க்கு முன் தளத்தை பில்ட் செய்தால், எதிர்காலப் பதிவென்று ஜெக்கில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடும்.