வளைவில் கால் எங்கே இருக்கிறது?

கொல்லிமலைப் பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பைக்கில் வருகிறவர்களின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். நடுப்பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, விரல்களை வெளிப்பக்கமாக நீட்டியிருப்பவர்கள்தான் அதிகம். நேர்ச்சாலையில் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வளைவில் வண்டி நன்றாகச் சாய்ந்தால் தரையில் முதலில் உரசுவது அந்த ஷூ நுனியாகத்தான் இருக்கும்.

இடப்பக்கம் சாயும்போது விரல்கள் கியர் லிவருக்கு அடியில் இருந்தால் இன்னும் மோசம். தரையில் இடித்த பாதம் லிவரைத் தூக்கிவிடலாம். எல்லா கியரையும் கீழே மிதித்துப் போடும் வண்டியில் லிவரைத் தூக்கினால் கியர் குறையும். நடு வளைவில் எஞ்சின் திடீரென்று இழுத்துப் பிடித்தால் பின் சக்கரம் வழுக்கும்.

வலது காலை எப்போதும் பின் பிரேக் மேலேயே வைத்திருப்பது அடுத்த தவறு. மலை இறங்கும்போது இது ரொம்ப ஆபத்து. லேசாகத்தான் மிதிக்கிறோம் என்று தோன்றும். ஆனால் விடாமல் உரசி உரசி பிரேக் சூடேறிவிடும். அவசரத்துக்கு மிதித்தால் சரியாகப் பிடிக்காது. பிரேக் லைட்டும் அணையாமல் எரிவதால், நாம் எப்போது வேகத்தைக் குறைக்கிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள், பாதி வேலையை எஞ்சினே பார்த்துக்கொள்ளும்.

பயத்தில் உள்பக்கக் காலைத் தரையை நோக்கி நீட்டுவதும் வேண்டாம். ஓடும் வண்டியை அந்தக் கால் தாங்காது, கணுக்கால்தான் முறுக்கிக்கொள்ளும்.

சரி, எப்படி வைப்பது? பெருவிரலுக்குப் பின்னால் தடித்திருக்கிற அடிப்பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும். குதிகால் வண்டியை ஒட்டி, விரல்கள் நேராக முன்னால். பிரேக், கியர் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிட்டுப் பாதத்தை இப்படிப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்க முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டால் உடம்பு நிலையாக நிற்கும். அப்புறம் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

குதிகாலாலும் மிதிக்கும் கியர் லிவர் உள்ள வண்டிகளில் இடது பாதத்தை முழுதாகப் பின்னுக்கு இழுக்க முடியாது. அங்கே விரல்கள் லிவருக்கு அடியில் போகாமலும் வெளியே நீளாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரேக் பெடல் உங்கள் காலுக்கு ரொம்ப உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பல வண்டிகளில் அதன் உயரத்தை மாற்றி அமைக்கலாம், சில நிமிட வேலைதான்.