ரேஷன் கடை விற்பனையாளர் வேலை: விண்ணப்பம் முதல் நேர்காணல் வரை

அரசு வேலை என்றதும் எல்லோரும் டிஎன்பிஎஸ்சி பக்கம்தான் திரும்புகிறார்கள். எழுத்துத் தேர்வே இல்லாமல், படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணையும் நேர்காணலையும் வைத்து ஆள் எடுக்கும் வேலைகளும் தமிழ்நாட்டில் உண்டு. நியாயவிலைக் கடை (ரேஷன் கடை) விற்பனையாளர், பொருளை எடைபோட்டுக் கட்டித்தரும் கட்டுநர் வேலை அதில் ஒன்று. விற்பனையாளருக்கு பிளஸ் 2, கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு. தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறையாக விண்ணப்பிக்கிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேச்சுவழக்கில் இதை அரசு வேலை என்கிறோமே தவிர, பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள். நீங்கள் சேர்வது அந்தச் சங்கத்தின் பணியாளராகத்தான். 2024 அக்டோபரில் வந்த அறிவிக்கைப்படி விற்பனையாளருக்கு முதல் ஓராண்டுக்கு மாதம் 6,250 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படிகள் தனியாகச் சேராத மொத்தச் சம்பளம். அதன்பிறகு 8,600 - 29,000 என்ற ஊதிய விகிதம். கட்டுநருக்கு முதலாண்டு 5,500, பிறகு 7,800 - 26,000. முதல் வருடத்தை இந்தத் தொகையில் ஓட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

படி 1: அறிவிக்கை எங்கே வரும்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் இருக்கிறது. அந்த மாவட்டக் காலியிடங்களுக்கு அதுதான் தன் இணையதளத்தில் அறிவிக்கை வெளியிடும், விண்ணப்பத்தையும் அங்கேயே வாங்கும். சென்னைக்கு ஓர் அறிவிக்கை, தஞ்சாவூருக்கு ஓர் அறிவிக்கை என்று தனித்தனியாக வரும். வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பைத் தட்டி உள்ளே போகாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலோ கூட்டுறவுத் துறையின் இணையதளத்திலோ பார்த்து, அங்கிருந்து ஆள்சேர்ப்பு நிலையத்தின் தளத்துக்குப் போங்கள். விண்ணப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம்தான் கிடைக்கும்.

அறிவிக்கையைத் தரவிறக்கி முழுவதும் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் காலியிட எண்ணிக்கையையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வயது எந்தத் தேதியின்படி கணக்கிடப்படும், எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம், எந்தச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

படி 2: சான்றிதழ்கள்

பாதிச் சிக்கல் இங்கேதான். அறிவிக்கை வந்தபிறகு சான்றிதழ் வாங்க ஓடினால் கடைசி நாள் வரை நெஞ்சு படபடப்புத்தான். இப்போதே ஒரு கோப்பில் சேர்க்க ஆரம்பியுங்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ் என்கிற டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை ஆகியவை எல்லோருக்கும் தேவை. சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் கொடுப்பார். எத்தனை நாள் ஆகும் என்பது உங்கள் ஊர் அலுவலகத்தைப் பொறுத்தது, அதனால்தான் முன்கூட்டியே என்கிறேன்.

திருமணமான பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரை மாற்றியவர்கள், இன்ஷியலையும் மாற்றியவர்கள் நிறைய. மதிப்பெண் சான்றிதழில் ‘மு. கவிதா’, ஆதாரில் ‘கவிதா செல்வம்’ என்று இருந்தால் சரிபார்ப்பு மேசையில் கேள்வி வரும். இந்த மாதிரி வேறுபாட்டை ஆதார் பக்கம் சரிசெய்வதுதான் சுலபம், மதிப்பெண் சான்றிதழைத் தொடுவது பெரிய வேலை. பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் தமிழ்நாடு அரசிதழில் வெளியான பக்கத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

முன்னுரிமை கேட்கிறவர்களுக்குக் கூடுதல் தாள்கள் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாவது வரை ஒரு பள்ளி, எட்டாவது வரை இன்னொன்று, பிளஸ் 2 வேறொன்று என்று படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் போய்க் கையெழுத்து வாங்க வேண்டியதுதான். கோடை விடுமுறையில் ஆள் இருக்க மாட்டார்கள், ஜூனில் சேர்க்கைக் கூட்டம். இரண்டும் இல்லாத ஒரு சாதாரண வேலைநாளாகப் பார்த்துப் போங்கள். ஆதரவற்ற விதவைச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுப்பார்; விசாரணை உண்டு என்பதால் தாமதமாகும். மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை, முன்னாள் படைவீரர்களுக்குப் பணிவிடுவிப்புச் சான்று.

எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கோப்புக்கும் புரிகிற மாதிரிப் பெயர் வைத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். போனில் மங்கலாக எடுத்த படம், விரல் தெரிகிற படம் எல்லாம் வேண்டாம்.

படி 3: விண்ணப்பத்தை நிரப்புவது

விற்பனையாளருக்குக் கட்டணம் 150 ரூபாய், கட்டுநருக்கு 100 (2024 அறிவிக்கைப்படி). எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்குக் கட்டணம் இல்லை. ஸ்டேட் வங்கியின் ‘எஸ்பிஐ கலெக்ட்’ வழியாகப் பணம் கட்டி, அதில் வரும் குறிப்பு எண்ணை விண்ணப்பத்தில் போடச் சொல்லியிருந்தால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் நிரப்பக் கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ விண்ணப்பம் போடுகிறவர்கள். பிறந்த தேதி, சாதிப் பிரிவு, மதிப்பெண் இந்த மூன்றில்தான் தட்டச்சுப் பிழை அதிகம் வரும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்று பட்டியலில் வரிசையாக இருக்கும்போது கை தவறிவிடும். பிரிவு மாறிப் பதிவானால் சான்றிதழும் விண்ணப்பமும் ஒத்துப்போகாது. கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும், சென்டர்காரருடையது வேண்டவே வேண்டாம். அழைப்பு அங்கே போய் நிற்கும்.

அனுப்பியதும் பிடிஎஃப் கோப்பைத் தரவிறக்கி இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த வேலைக்கு இத்தனை லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் கட்டாயம் உங்கள் வீட்டுப் பக்கம் வருவார். அவருக்குத் தெரிந்த அதிகாரி, அவருடைய மச்சான், யாரோ ஒருவர் கதையில் இருப்பார். இந்த ஆட்கள் செய்வது ஒரே வேலைதான்: பத்துப் பேரிடம் வாங்குவார்கள், தானாகவே தேர்வாகும் இரண்டு பேரைத் தன் கணக்கில் காட்டுவார்கள். மீதி எட்டுப் பேர் பணம் கேட்டு அலைவார்கள். நகையை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

படி 4: நேர்காணலுக்குத் தயாராவது

புத்தகக் கடையில் பொது அறிவுப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டு ரேஷன் கடைக்கு மாத முதல் வாரத்தில் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் கூட்டுறவுத் துறை அதிகாரிகள். இந்த ஆள் கூட்டத்தைச் சமாளிப்பாரா, கணக்கு வருமா, பொருள் பற்றித் தெரியுமா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கான பாடம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

குடும்ப அட்டை வகைகள் விரல்நுனியில் இருக்கட்டும். பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். பிஎச்எச்-ஏஏஒய் என்றால் அந்தியோதயா அன்ன யோஜனா குடும்பம், மாதம் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச் முன்னுரிமை இல்லாத குடும்பம், ஆனால் தமிழ்நாட்டில் அவர்களுக்கும் அரிசி உண்டு. என்பிஎச்எச்-எஸ் சர்க்கரை அட்டை. என்பிஎச்எச்-என்சி எந்தப் பொருளும் வாங்காத அட்டை. ‘முன்னுரிமை இல்லாதவருக்கும் ஏன் அரிசி?’ என்று அடுத்த கேள்வி வரலாம். தமிழ்நாட்டில் இருப்பது எல்லோருக்குமான பொது விநியோகத் திட்டம். 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் எல்லோருக்கும் கொடுப்பதை மாநில அரசு கைவிடவில்லை. விலையில்லா அரிசி 2011 ஜூன் முதல் தரப்படுகிறது.

விலைகளைக் கடைப் பலகையில் பார்த்து மனப்பாடம் செய்யுங்கள். சர்க்கரை கிலோ 25 ரூபாய், அந்தியோதயா அட்டைக்கு 13.50. ஆளுக்கு அரைக் கிலோ, அதிகபட்சம் 2 கிலோ. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இப்போது இப்படி ஒரு கணக்கு கேட்கலாம்: மூன்று பேர் உள்ள சாதாரண அட்டை, சர்க்கரையும் பருப்பும் எண்ணெயும் வாங்கிவிட்டு 200 ரூபாய் நீட்டுகிறார், மீதி எவ்வளவு? சர்க்கரை ஒன்றரைக் கிலோ 37.50, பருப்பு 30, எண்ணெய் 25, மொத்தம் 92.50. மீதி 107.50. பேனா இல்லாமல் சொல்லிப் பழகுங்கள். விலை மாறக்கூடியது, நேர்காணலுக்கு முந்தின வாரம் மறுபடி பலகையைப் பார்த்துவிடுங்கள்.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகளிலிருந்துதான் கடைகளுக்கு வருகிறது. அந்தக் கழகம் 1972-இல் தொடங்கப்பட்டது. அட்டை தொடர்பான வேலைகளை வட்ட வழங்கல் அலுவலர் பார்க்கிறார், கடையை நடத்துவது சங்கம். இந்த மூவரின் வேலையும் தனித்தனி என்பது புரிந்திருந்தாலே குழுவுக்கு உங்கள்மேல் நல்ல எண்ணம் வரும். புகார் எண்கள் 1967, 1800 425 5901. கூட்டுறவு வரலாற்றில் 1904-ஐ மட்டும் மறக்காதீர்கள்: முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த ஆண்டு, திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் தொடங்கிய ஆண்டு, திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமாகிய டியூசிஎஸ் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கூட்டுறவுத் துறை அமைச்சர், உணவுத் துறை அமைச்சர், உங்கள் ஆட்சியர் பெயர்களை அந்த வாரச் செய்தித்தாளில் சரிபாருங்கள்.

சூழ்நிலைக் கேள்விகள்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். வயதான அம்மா ஒருவருக்குக் கைரேகை விழவில்லை, என்ன செய்வீர்கள்? ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்பது மோசமான பதில். கையைத் துடைத்துவிட்டு வேறு விரலில் முயல்வது, கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் அதில் பார்ப்பது, கடைக்கு வரவே முடியாதவர் என்றால் அவருக்காகப் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் படிவத்தைப் பற்றி வீட்டாருக்குச் சொல்வது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பருப்பு இருப்பு குறைவு, வரிசையில் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்றால்? இருப்பைப் பலகையில் எழுதிவைத்து, வந்த வரிசைப்படி கொடுத்து, சங்கத்துக்குத் தகவல் சொல்வது. தெரிந்தவருக்கு எடுத்து வைப்பேன் என்று வாய்தவறியும் வரக்கூடாது. வாங்காத பொருளுக்குப் பில் போடுவது இந்தத் துறையில் அதிகம் வரும் புகார்; வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்ததும் அட்டைதாரர் நேரே கடைக்குத்தான் சண்டைக்கு வருவார். அதைப் பற்றிக் கேட்டால் உங்கள் பதில் ஒரே வார்த்தையில் இருக்க வேண்டும்: மாட்டேன்.

‘பட்டம் படித்திருக்கிறீர்கள், இந்த வேலையில் நிலைப்பீர்களா?’ என்று பொறியியல் படித்தவர்களைக்கூடக் கேட்பார்கள். சேவை செய்ய ஆசை என்று மேடைப்பேச்சு பேச வேண்டாம். சொந்த மாவட்டத்தில் வேலை, நிலையான வருமானம், கணக்கு வழக்கு எனக்கு வரும் என்று உள்ளதைச் சொன்னால் போதும். தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலம் தெரியும் என்று காட்டுவதற்கான இடம் இது இல்லை.

படி 5: நேர்காணல் நாள்

அனுமதிச் சீட்டை இணையதளத்திலிருந்து எடுக்க வேண்டும். அதில் தேதி மட்டுமல்ல, நேரமும் இருக்கும். காலைக்கு வரச் சொன்னவர் மதியம் போனால் சிக்கல். அசல் சான்றிதழ்களை விண்ணப்பத்தில் கேட்ட வரிசையிலேயே அடுக்குங்கள், சுயசான்றொப்பமிட்ட நகல்கள் ஒரு தொகுப்பு, புகைப்படங்கள், கட்டண ரசீது. முதலில் சரிபார்ப்பு மேசை, அதன்பிறகுதான் குழு. காத்திருப்பு நீளும், தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

உடை சுத்தமாக இருந்தால் சரி, புதுசு தேவையில்லை. உள்ளே போனதும் வணக்கம், உட்காரச் சொன்னதும் உட்காருங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தெரியாத கேள்விக்கு ‘தெரியவில்லை ஐயா’, ‘தெரியவில்லை அம்மா’ என்று சொல்லிவிடுவது நல்லது. ஊகித்து உளறினால் அதிலிருந்தே அடுத்த கேள்வி கிளம்பும்.

தேர்வுப் பட்டியல் கல்வித் தகுதிக்கான மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் சேர்த்து, இனச் சுழற்சி முறைப்படி, அதாவது ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் முறைவைத்து இடம் ஒதுக்கி, தயாராகும். உங்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் வேறு பிரிவில் தேர்வாகியிருந்தால் காரணம் அதுதான். பெயர் வந்திருந்தால் பணி ஆணையில் எந்தச் சங்கம், எந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று இருக்கும். கடை வீட்டிலிருந்து தூரமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு அந்தத் தேதியைத் தாண்டவிடாதீர்கள். சேர்ந்து கையெழுத்துப் போடும்வரை விண்ணப்பப் பிரதி, ரசீது, அனுமதிச் சீட்டு மூன்றும் கோப்பிலேயே இருக்கட்டும்.