தோல் சைக்கிள் சீட்டுக்குக் கவர்: எப்போது போடுவது, எப்போது கழற்றுவது

ப்ரூக்ஸ் பி17 மாதிரி ஒரு தோல் சீட்டு புதிதாக வாங்கியிருக்கிறீர்களா, இல்லை தாத்தாவின் பழைய ஹெர்குலிஸில் இருந்த ஸ்பிரிங் சீட்டைத் துடைத்து எடுத்து மாட்டியிருக்கிறீர்களா? எதுவானாலும் அக்டோபர் மழை தொடங்குவதற்குள் ஒரு கவர் வாங்கிவிடுங்கள். கவர் வாங்குவது பெரிய வேலையில்லை. அதை எப்போது போடுவது, முக்கியமாக எப்போது கழற்றுவது என்பதைப் பொறுத்துத்தான் சீட்டு உழைக்கும், அதனால் இங்கே அதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த சீட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே ஃபோம், ஜெல் எதுவும் கிடையாது. முன்மூக்குக்கும் பின்பக்க இரும்புத் தகட்டுக்கும் நடுவே கெட்டியான தோலை விறைப்பாக இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள், நம் எடை முழுவதையும் தாங்குவது அந்தத் தோல் ஒன்றுதான். அதுவும் மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருட்களில் பதனிட்ட தோல். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்காகப் பதனிடுகிற தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது, நனைந்தாலும் அவ்வளவாக உருமாறாது. நம் சீட்டுத் தோல் அப்படியில்லை. தண்ணீரை உறிஞ்சி இளகிவிடும், இளகியிருக்கும்போது ஏறி உட்கார்ந்து ஓட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்ததைப் பழையபடி கொண்டுவருவது கடினம்.

படி 1: கவரைத் தேர்ந்தெடுப்பது

சீட்டின் பக்கவாட்டுத் தோல் முழுவதும் மறைந்து, விளிம்புக்குக் கீழே போய் எலாஸ்டிக் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. பி17 போன்ற அகலமான சீட்டுக்கு ரேசிங் சைக்கிள் கவர் பற்றாது, கடைக்கு சைக்கிளையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். அவசரத்துக்குக் குளியலறை ஷவர் கேப் நன்றாகவே வேலை செய்யும். முன்பெல்லாம் கேரி பேக்கைக் கட்டிவிடுவார்கள், தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை இருப்பதால் ஒரு ஷவர் கேப்பைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஃபோம் அல்லது ஜெல் வைத்த மெத்தை கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் தோலை நனைத்துக்கொண்டே இருக்கும்.

படி 2: போடுவதற்கு முன்னால் மெழுகு

காய்ந்த சுத்தமான சீட்டில், தோல் சீட்டுக்கென்றே வரும் மெழுகுப் பசையை (ப்ரூக்ஸ்காரர்கள் ப்ரூஃபைடு என்று விற்கிறார்கள்) மெல்லியதாகத் தடவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் காட்டன் துணியால் தேய்த்து எடுங்கள். அடிப்பக்கத்துக்கும் தடவ மறக்காதீர்கள், பாலிஷ் இல்லாத அந்தப் பக்கம்தான் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்கித் தோலை மெத்தென்று ஆக்கிவிடும், மெத்தென்று ஆன சீட்டு சீக்கிரம் தொய்யும்.

படி 3: அடியிலிருந்து வரும் தண்ணீர்

இதைத்தான் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. மேலே எவ்வளவு நல்ல கவர் போட்டாலும், பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லையென்றால் ரோட்டுத் தண்ணீர் நேராக சீட்டின் அடிவயிற்றில் அடிக்கும். வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ மழைக்கு மறுநாள் ஓட்டிப் பாருங்கள், வானம் வெளுத்திருக்கும், சீட்டின் அடியைத் தொட்டால் சேறும் ஈரமுமாக இருக்கும். முழு மட்கார்டு போடுவதே சரியான வழி. ஃப்ரேமில் அதற்கு இடமில்லையென்றால் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பிகளில் சொருகுகிற சின்ன பிளாஸ்டிக் மட்கார்டாவது போடுங்கள்.

படி 4: மாட்டுவது

சீட்டைத் துடையுங்கள். ஈரமோ மணலோ இருக்கும்போது கவர் போடக் கூடாது. மூக்கில் மாட்டி, பின்பக்கமாக இழுத்து, எலாஸ்டிக்கை அடியில் தள்ளிவிடுங்கள். பெசன்ட் நகர், ஈசிஆர் மாதிரி காற்றடிக்கும் இடத்தில் நிறுத்துவதாக இருந்தால் ஒரு கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கவரோடு ஓட்டலாமா? சாதாரணமாக வேண்டாம், வழுக்கும், உள்ளே மாட்டிய மணல் தோலை உரசும். ஆனால் பாதி வழியில் மழை கொட்டினால் தயங்காமல் கவரைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், நனைந்த தோல்மேல் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 5: கழற்றுவது

வீட்டுக்கோ ஆபீஸுக்கோ வந்து, கூரைக்குக் கீழே நிறுத்தியதும் கவரைக் கழற்றிவிடுங்கள். தயவுசெய்து இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், பிளாஸ்டிக்குக்கு உள்ளே அந்த ஈரமும் உங்கள் வியர்வையும் வெளியே போக வழியில்லாமல் நிற்கும், சில நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும், ரிவெட்டும் கம்பியும் துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றால் துரு இன்னும் சீக்கிரம் வரும். பார்க்கிங்கில் தூசு விழுகிறதே என்றால் பழைய காட்டன் துண்டைப் போர்த்துங்கள், அதில் காற்று போகும். அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே நிறுத்த நேர்ந்தாலும் இதே துண்டுதான், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. வெயிலில் பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே புழுங்கும்.

பூஞ்சை வந்துவிட்டதா? பயப்பட வேண்டாம். வெளியே கொண்டுபோய் காய்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு தடவினால் போதும்.

படி 6: அப்படியும் நனைந்துவிட்டால்

ஒற்றி எடுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் கூடாது, வேகமாகச் சூடேறினால் தோல் சுருங்கி வெடிக்கும். ஃபேனுக்கு அடியில் தானாகக் காயட்டும், ஒன்றிரண்டு நாள் ஆனாலும் பொறுத்திருங்கள், அதுவரை சைக்கிளில் ஏற வேண்டாம். அப்புறம் மேலும் கீழும் மெழுகு. மூக்குக்கு அடியில் இருக்கும், தோலை இழுத்து விறைப்பாக்குகிற இழுவை போல்ட்டை ஈரத்தில் தொடவே தொடாதீர்கள். முழுசாகக் காய்ந்த பிறகும் தொய்வு தெரிந்தால், சீட்டோடு வந்த ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் முறுக்கி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இன்னொரு கால் சுற்று.